பத்து நாள் மெடிக்கல் லீவு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் குட்டியும் நலம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வேறென்ன செய்ய? நீ எழுதி இரண்டு மாதமாகிறது. மின்சாரத் துறைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் லீவு விண்ணப்பங்களையெல்லாம் சிவப்பு மையில் திருப்பி அனுப்ப நேரமிருக்கிறது. கூடப்பிறந்தவனுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. போகட்டும்.

குட்டியின் பள்ளி நாடகத்துக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாய். வர முடியாது. காரணம் உனக்குத் தெரியாததா? இந்த மலை உச்சி சப்-ஸ்டேஷனில் மூன்று ஷிப்டுக்கு மூன்று ஆபரேட்டர்கள். யாராவது லீவு போட்டால் அந்த இடத்தில் உட்கார நான்காவதாக ஒரு மாற்று ஆள் வேண்டும். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அவருடைய நாற்காலியில் இப்போது குடிதண்ணீர்ப் பானை உட்கார்ந்திருக்கிறது. மெடிக்கல் லீவு தவிர, மாற்று ஆள் இல்லாமல் எந்த லீவும் இல்லை என்பது நீங்கள் போட்ட விதி. வருடத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோடு லீவு என்பதும் நீங்கள் போட்ட விதிதான். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

என்னோடு இருக்கும் மற்ற இருவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். ஒருவன் ரேடியோ. வாயை மூடுவதில்லை என்பதால் அந்தப் பெயர். இன்னொருவர் கம்பளி அண்ணன். வெயில் காலத்திலும் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்து, சமைத்துப் போட்டு, நான் கோபித்துக்கொண்டு ராஜினாமா எழுதியபோது அதைக் கிழித்துப் போட்டவர். அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

அண்ணனுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அடிவாரத்தில் உள்ள டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வைத்துப் பத்து நாள் மெடிக்கல் லீவு கேட்டு விண்ணப்பித்தார். இருபத்தோரு வருட சர்வீசில் அவர் மெடிக்கல் லீவு கேட்பது இதுதான் முதல் தடவை. அது திரும்பி வந்துவிட்டது. ‘சான்றிதழ் உரிய படிவத்தில் இல்லை.’ கீழே ஒரு சின்னக் கையெழுத்து. அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பாரேன், அக்கா.

உன் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதாதது என் தப்புதான். ஆனால் எழுதியவுடன் சிபாரிசோடு வருகிறாயே, அதைச் சொல்.

நீ என்னை வில்லியாக்கிப் பார்ப்பது தெரிகிறது. ஒரு நாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார். தினமும் அறுபது விண்ணப்பம் வருகிறது. முதுகுவலிக்காரர் ஒருவர் லீவு போட்டுவிட்டு ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிப் பேப்பரில் படத்தோடு வந்தார். ஒரே மனிதர் இரண்டு வருடத்தில் இரண்டு தடவை குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சான்றிதழ் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் தனித்தனித் தழும்பு இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்க முடியுமா? அதனால்தான் துறையின் பட்டியலில் உள்ள டாக்டரே, துறை கொடுத்த படிவத்தில், முத்திரையோடு தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

உன் கம்பளி அண்ணன் தங்கமானவராகவே இருக்கட்டும். தங்கமானவர்களுக்கென்று தனிப் படிவம் இல்லை. உனக்கு வேண்டியவர் என்பதற்காக நான் வளைந்தால், நாளைக்கு எல்லோருக்கும் வளைய வேண்டும். பட்டியல் டாக்டரைப் பார்த்து, புதிய விண்ணப்பம் போடச் சொல். வந்த அன்றைக்கே மேலே அனுப்பிவிடுகிறேன். இது என் வாக்கு.

குட்டி நாடகத்தில் மரமாக நிற்கிறாள். ஒரு வசனமும் இல்லை. ஆனாலும் தினமும் ஒத்திகை பார்க்கிறாள். அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. துணியை ஊற வைத்துவிட்டு மறந்துபோகாதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 20

அக்கா,

கம்பளி அண்ணன் போய்விட்டார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டு.

நீ சொன்னபடி அவர் பட்டியல் டாக்டரைப் பார்க்கப் போனார். எழுபது கிலோமீட்டர், இரண்டு பஸ். அந்த டாக்டர் லீவில் போயிருந்தார். அடுத்த வாரம் மறுபடி போனார். அப்போதும் லீவு முடிந்து வரவில்லை. திரும்பி வந்தவரால் பஸ் நிறுத்தத்திலிருந்து மேலே ஏற முடியவில்லை. ரேடியோதான் போய்த் தாங்கிக் கூட்டிவந்தான். அன்றைக்கு நான் சொன்னேன், “வீட்டுக்குப் போய் ஒரு வாரம் படுத்துட்டு வாங்கண்ணா, நாங்க லோடு மாத்திக்கிறோம்.”

லோடு மாற்றுவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு லைன் படுத்துவிட்டால் அதன் பாரத்தை இன்னொரு லைனுக்கு மாற்றுவோம் இல்லையா, அது மாதிரி. எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போனால் மற்ற இருவரும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் பார்ப்போம். வருகைத் தாளில் போனவர் பெயரில் நாங்களே கையெழுத்துப் போட்டுவிடுவோம். மாற்று ஆள் இல்லாமல் போன இந்த இரண்டு வருடமும் இப்படித்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் வந்து நான்கு நாள் இருந்தேனே, அதுவும் இப்படித்தான். அந்த நான்கு நாளும் எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் கம்பளி அண்ணன்.

மார்ச் 11 காலையில் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். அவர் வீடு ஒன்பது மணி நேரப் பயணம். நான் தினமும் அவர் பெயரில் கையெழுத்துப் போட்டேன். மணிக்கு மணி எடுக்கும் மீட்டர் ரீடிங்கையும் அவர் பெயரில் எழுதினேன். அவர் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார். நானும் போட்டேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

16ஆம் தேதி காலையில் அடிவாரக் கடைக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார். அந்தக் கடையில்தான் வெளித் தொலைபேசி இருக்கிறது. புயலில் கம்பி அறுந்து மூன்று நாளாக வேலை செய்யவில்லை. சரியானதும் வந்த முதல் அழைப்பே அண்ணன் வீட்டிலிருந்துதான். அண்ணன் 13ஆம் தேதி காலையிலேயே இறந்துவிட்டார். எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

13, 14, 15. அக்கா, அந்த மூன்று நாளும் நான் இறந்துபோன மனிதருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 14ஆம் தேதி ட்ரான்ஸ்பார்மர் எண்ணெய்ச் சூடு அறுபத்தேழு என்று அவர் எழுதியதாக இருக்கிறது.  ரேடியோ நான்கு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. படித்து முடித்தபோது பக்கத்து மேஜைக்காரி என் கையைப் பிடித்து, என்ன ஆச்சு, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டாள். கடிதத்தை ஒரு ஃபைலுக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். 

இரண்டு வருடமாகவா? மாதாமாதம் உங்கள் சப்-ஸ்டேஷன் வருகைத் தாள் என் மேஜைக்குத்தானே வருகிறது? ஒருவர்கூட லீவு எடுக்காத சப்-ஸ்டேஷன் என்று என் மேலதிகாரியிடம் உங்களைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான் என்றும் சேர்த்துச் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று தெரியுமா உனக்கு? வேலை போவதோடு முடியாது. போலீஸ் வரும். அம்மா இருந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பாளோ. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். திட்டவும் முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நேற்று விதிப்புத்தகத்தை எடுத்தேன். மெடிக்கல் லீவு பற்றிய பன்னிரண்டாம் விதி. பதினான்கு வருடமாக மனப்பாடமாகச் சொல்கிற விதி. அதன் கடைசி வரியை நான் படித்து எத்தனை வருடமாயிற்றோ தெரியாது. ‘பட்டியல் மருத்துவர் பணியிடத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பின், பதிவு பெற்ற எந்த மருத்துவரின் சான்றும் ஏற்கப்படும்.’

நீ எழுபது என்று எழுதியிருக்கிறாய்.

நகரத்து விண்ணப்பங்களையே பார்த்துப் பார்த்து அந்த வரியே எனக்கு இல்லாமல் போய்விட்டது. அடிவார டாக்டர் சீட்டு போதும். அது செல்லும். நான் திருப்பி அனுப்பியிருக்கவே கூடாது. அதோடு, அவர் கணக்கில் நூற்று நாற்பது நாளுக்கு மேல் மெடிக்கல் லீவு கிடந்தது. அதையும் நேற்றுதான் பார்த்தேன்.

யாரிடமும் எதுவும் பேசாதே. நான் யோசிக்க வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மீது எனக்குக் கோபமில்லை. உண்மையாகச் சொன்னால் கோபம் வந்தது, ஒரு நாள் முழுக்க இருந்தது, பிறகு என் கையெழுத்தை நினைத்துக்கொண்டேன், அடங்கிவிட்டது.

இப்போது ஒரு அவசரம். மார்ச் மாத வருகைத் தாளை 31ஆம் தேதியே அடிவார அலுவலகக் குமாஸ்தா தபாலில் சேர்த்துவிட்டார். நான் கீழே போய்ச் சேர்வதற்குள் பை கட்டியாகிவிட்டது. இந்நேரம் அது உன் மேஜைக்கு வந்திருக்கும். இன்னும் நீ பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டாய். அதை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு, அக்கா.

நான் எல்லாம் யோசித்துவிட்டேன். புதிய தாள் எழுதுகிறேன். ரீடிங் எழுதும் லாக் ஷீட் இங்கேதான் இருக்கிறது, அதையும் மாற்றிவிடுவேன். 11, 12, 13 மூன்று நாளும் தற்செயல் விடுப்பு. அதற்குத் தலைமை அலுவலகம் தேவையில்லை, எங்கள் இன்ஜினீயரே கொடுக்கலாம். அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அண்ணன் தற்செயல் விடுப்பில் வீட்டுக்குப் போன இடத்தில் இறந்தார் என்று ஆகிவிடும். கௌரவமாகவும் இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. இறந்தவரின் லீவுக்கு மாற்று ஆள் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. உன் சிவப்பு மையைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விட்டால் என் கதை முடிந்தது. இறப்புச் சான்றிதழில் 13 என்று இருக்கும். தாளில் 15 வரை அவர் டியூட்டி பார்த்திருப்பார். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். ரேடியோவும் மாட்டுவான். அவனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

சின்ன வயதிலிருந்து உன்னிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் நீ கொடுத்ததில்லை. இதை மட்டும் கொடு. அண்ணன் உயிரோடு இருந்தால் அவரும் இதைத்தான் சொல்வார்.

உன் தம்பி

*

ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டது இந்த உறைக்குள் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டுப் பிறகு படி.

விதி, விதி என்று கத்திக்கொண்டிருந்த நான் இதைச் செய்வேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். செவ்வாய்க்கிழமை காலையில் தாளைத் தபால் கட்டுக்குள்ளிருந்து உருவி என் பைக்குள் வைத்தேன். திருடியபோது என் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். ஒரே தம்பி, எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

அன்று மதியம் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தையல் வேலை செய்கிறவர் போல, விரலில் ஊசி குத்திய தடம் இருந்தது. கணவர் இறந்துவிட்டார், அவருடைய சர்வீஸ் சம்பந்தமாக எந்தப் பிரிவுக்குப் போனாலும் இங்கே அனுப்பிவிடுகிறார்கள் என்றார். கணவரின் சர்வீஸ் நம்பரைச் சொன்னார். உன் கம்பளி அண்ணனின் நம்பர்.

உட்கார வைத்தேன். அவர் பையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். சிவப்பு மையின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

“இது யார் கையெழுத்துங்க?”

என் மேஜையில் பெயர்ப் பலகை கிடையாது. “விசாரிச்சுச் சொல்றேம்மா” என்றேன். தம்பி, என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். பேனா என் விரலிடுக்கில் இருந்தது.

அவர் என்னை நம்பிவிட்டார். நம்பியதால் மற்றதையும் சொன்னார். 11ஆம் தேதி இரவு வீட்டுக்கு வந்ததிலிருந்தே கணவருக்கு நெஞ்சு வலியாம். 12ஆம் தேதி முழுக்க வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அவர்கள் தெருவிலிருந்து நான்கு நிறுத்தம் தள்ளித் துறையின் ஆஸ்பத்திரி இருக்கிறது. துறைக்காரர் அட்மிட் ஆனால் அன்றைக்கே எங்களுக்குத் தகவல் வந்துவிடும், அது உனக்கும் தெரியும். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கையைப் புடிச்சு இழுத்தேங்க. வரவே மாட்டேன்னுட்டார். ‘கணக்குப்படி நான் அங்க டியூட்டில இருக்கேன். இங்க போய்ப் படுத்தா தம்பி மாட்டிக்குவான். விடியட்டும், வேற டாக்டரைப் பாப்போம்’னார். விடிஞ்சப்ப இல்ல.”

பிறகு என்னைப் பார்த்து, அந்தத் தம்பி யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

ஒரே மேஜையில் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பொய். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நான்கு நாள் பொறுத்திருந்தேன். எழுதாமல் தாளை மட்டும் அனுப்பினால் நீ நிம்மதியாக இருந்துவிடுவாய். நான் மட்டும் இதைச் சுமந்துகொண்டு உன் முகத்தைப் பார்க்க முடியாது. என்னை மன்னித்துவிடு. தாள் உன் கையில். என்ன செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் மதிய ஷிப்டில் வந்தது. படித்த பிறகு அந்த மணிக்கான ரீடிங்கை நான் எடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் என் லாக் ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

நான் அவரை ஓய்வெடுக்க அனுப்பினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரைக் கட்டிப்போட்டு அனுப்பியிருக்கிறேன். இங்கே நான் கையெழுத்துப் போடப் போட, அங்கே அவர் எழுந்து நான்கு பஸ் நிறுத்தம் போக முடியாமல் கிடந்திருக்கிறார். நீ லீவு கொடுக்காமல் செய்தாய், நான் லீவு கொடுத்துச் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். இதை எழுதுவது உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலிக்கிறது.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு இன்ஜினீயரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “கிழிச்சுப் போட்டுட்டுப் போப்பா, நான் எதையும் பாக்கல” என்றார். மாற்று ஆள் ஏன் இரண்டு வருடமாக இல்லை என்று யாராவது கேட்பார்களே என்பது அவர் பயம். நான் கிழிக்கவில்லை. வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தேன். இந்தத் தாள் தலைமை அலுவலகத்துக்குப் போகாமல் எப்படி இங்கே இருக்கிறது என்று கேட்டார். குமாஸ்தாவின் தபால் கட்டுக்குள் சேராமல் தவறி நின்றுவிட்டது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மார்ச் தாளில் அண்ணன் பெயரில் உள்ள கையெழுத்தெல்லாம் நான் மட்டுமே போட்டது என்றும் எழுதினேன். ரேடியோ பெயரை இழுக்கவில்லை.

நேற்று சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. விசாரணை இருக்கிறது. உத்தரவோடு ஜீப்பில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மாற்று ஆட்களாம். இரண்டு வருடமாகக் கிடைக்காதவர் ஒரே நாளில் இரண்டு பேராகக் கிடைத்துவிட்டார். பானையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தார். ரேடியோ அதைப் பார்த்துக்கொண்டே நின்று வாய்விட்டு அழுதான்.

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு, அண்ணியைப் பார்க்கப் போனேன். அந்தத் தம்பி நான்தான் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயம். அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.  பிறகு ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து, “எப்படிப் போட்டீங்க, போட்டுக் காட்டுங்க” என்றார். அண்ணன் கையெழுத்தைப் போட்டேன். அவர் அதை வெகு நேரம் பார்த்தார். “அவர் போட்ட மாதிரியேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். அக்கா, அவர் என்னை அடித்திருந்தால் தேவலை.

கிளம்பும்போது, தலைமை அலுவலகத்தில் ஒரு அம்மா நல்ல மாதிரியாகப் பேசினார், அந்தச் சிவப்பு மை யாருடையது என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா யார் என்று சொல்லவில்லை. அது நான் சொல்லக் கூடாது.

என் பக்கத்தை நான் சொல்லிவிட்டேன். நீ சொல்லும் வரை எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

தம்பி

*

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே, பன்னிரண்டாம் விதியின் கடைசி வரியையும் என் தவறையும் எழுதி மேலே கொடுத்தேன். விண்ணப்பம் செல்லத்தக்கது, திருப்பியது தவறு, அந்தப் பத்து நாளை அவர் வீட்டுக்குப் போன மார்ச் 11 முதல் கணக்கிட்டு லீவு அனுமதிக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். தாளை உருவி எடுத்து உனக்கு அனுப்பியது நான்தான் என்பதையும் எழுதினேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை விட்டுவைக்க மனம் வரவில்லை. மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அண்ணனின் ஃபைலில் இப்போதைக்கு ‘அனுமதியின்றிப் பணிக்கு வராதவர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் குறிப்பைப் பார்த்து மாற்றுவார்களா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவர் தரையில் துணியை விரித்து, கோடு போட்டு, வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. விசாரித்துவிட்டு வீடு தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

சொன்னேன். அந்தக் கையெழுத்து என்னுடையது, கடைசி வரியைப் படிக்காமல் போட்டேன், அன்றைக்கு உங்கள் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன், அந்தத் தம்பி என் கூடப்பிறந்த தம்பி. இத்தனையும் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கோடு முடியும் வரை வெட்டினார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஃபைலில் என்ன எழுதியிருக்கிறார்கள், நான் என்ன குறிப்பு கொடுத்திருக்கிறேன், ஆபீசர் என்ன முடிவெடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு அப்படித்தானே பேச வரும். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆபீசர் எழுதுறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. அந்த ரெண்டு நாளும் அவர் லீவுல இருந்தாரா, இல்லையா?”

“லீவுலதான் இருந்தார்.”

“திருட்டுத்தனமா வந்து படுத்திருக்கல?”

“இல்லம்மா. அது அவருக்கு உள்ள லீவு. கேட்ட அன்னைக்கே கெடச்சிருக்கணும்.”

அவர் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

“அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம்” என்றேன்.

அவர் மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். போ என்று சொல்லவில்லை. நானாகவே வெளியே வந்தேன்.

சொல்லிவிட்டேன், தம்பி. இனி எழுது என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா